மூன்றாம் கட்டடத்துக் கண்ணாடி

அக்டோபர் 3

மூன்றாம் கட்டடத்தின் காப்பாளருக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை. அதனால் பதவிப் பெயரைப் போட்டிருக்கிறேன். இனி உன் குரலைக் கேட்க மாட்டேன் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு, அன்றைக்கே போன் நம்பரையும் மாற்றினேன். அந்தப் பேச்சில் மாற்றம் இல்லை. கடிதத்துக்குக் குரல் கிடையாது என்பதால் எழுதுகிறேன். அதுவும் வேலை விஷயமாக மட்டும்.

எங்கள் காப்பகத்தை இந்த மாதம் இருபதாம் தேதியோடு மூடுகிறார்கள். வீடில்லாதவர்களுக்கு வீடே கட்டிக் கொடுத்தாயிற்று, பிறகு காப்பகம் எதற்கு என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். இந்தக் கிடங்கில் இனி நகராட்சியின் குப்பை வண்டிகள் நிற்குமாம். என் பொறுப்பில் இருக்கும் நாற்பத்தொரு பேருக்கும் உன்னுடைய மூன்றாம் கட்டடத்தில் ஆளுக்கொரு அறை ஒதுக்கி உத்தரவு வந்துவிட்டது. சாவிகள் மட்டும்தான் வரவில்லை. இரண்டு தடவை கேட்டு எழுதினேன். இரண்டு தடவையும் 'கட்டடம் இன்னும் தயாராகவில்லை' என்று ஒற்றை வரிப் பதில். குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழின் நகல் என் மேசையில் கிடக்கிறது. வாராவாரம் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய படிவங்களைப் பார்த்துத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறவனும் நீ, தயாராகவில்லை என்கிறவனும் நீயா?

எங்கள் மூட்டைக்காரம்மாவுக்குக் கதவு என்ற ஒன்று இருந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். அறை ஒதுக்கிய காகிதத்தைப் படித்துக் காட்டியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?" உள்பக்கம்தான் என்றேன். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரேடியோ என்று ஒருவன் இருக்கிறான், ஓயாமல் பேசுவான், யாரும் நிறுத்த முடியாது. அவன்கூட இரண்டு நாள் பேசாமல் இருந்தான்.

இவர்கள் எத்தனை இடத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் தெரியுமா? பேருந்து நிலையம், பாலத்தடி, மருத்துவமனை வாசல். எங்கேயும் ஒரு காகிதம் காட்டி விரட்டியதில்லை. "ஏய், எந்திரி, போ." அவ்வளவுதான். அதனால் இங்கே வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்றுதான். இனி யார் வந்து போகச் சொன்னாலும், "எழுத்துல குடுங்க, முத்திரை எங்கே?" என்று கேள். காகிதம் கைக்கு வராமல் ஒரு அடி நகராதே. காலையில் வருகை எடுத்ததும் எல்லோரும் ஒன்றாகச் சொல்லிப் பார்ப்பார்கள். மூட்டைக்காரம்மா குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். போன மாதம் பார்வையிட வந்த அதிகாரி தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னதற்கே ரேடியோ முத்திரை கேட்டுவிட்டான்.

வீட்டை விட்டு ஒரு மனிதரை வாய்ச்சொல்லால் வெளியே அனுப்புவது எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியாததா?

செவ்வாயும் வெள்ளியும் அலுவலக வண்டி உன் பக்கம் வருகிறது. வெள்ளிக்கிழமைத் தபால் பையில் சாவிகள் வர வேண்டும்.

காப்பக மேற்பார்வையாளர்


அக்டோபர் 6

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று தெரியும். இருந்தாலும் நாலு தடவை படித்தேன்.

சாவிகள் என்னிடம்தான் இருக்கின்றன. அறை எண் எழுதிக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன். அனுப்பாததற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் அழுத்தம் சரியாக இல்லை. அது ஒன்று. பிறகு கதவுகள். தரைத்தளத்தில் படிக்கட்டை ஒட்டிய நான்காம் எண் அறையின் கதவு நிலையில் மாட்டிக்கொள்கிறது. இழைப்புளி வைத்து அடியில் சீவிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மாட்டியது. மறுபடியும் சீவினேன். ஒரே கதவை இந்த வருஷத்தில் ஐந்து தடவை சீவியிருக்கிறேன். கதவு வளராது இல்லையா அக்கா?

படிக்கட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. புதுக் கட்டடத்தில் பூச்சு காயும்போது வருவதுதான் என்கிறார்கள். இருக்கலாம். இந்த இடம் முன்பு குளமாக இருந்தது, மண் கொட்டி மேடாக்கியது என்று பக்கத்தில் மாடு மேய்க்கிறவர் சொன்னார். அவரும் சும்மா சொல்லியிருக்கலாம். விரிசலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்வதும் என் வேலையில் ஒன்று.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. பையை இங்கே பிரித்துப் பார்க்கிறார்கள். மழைக்காலம் முடியும்வரை காப்பகத்தை மூட வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கக் கூடாதா? உன் பேச்சுக்கு அங்கே மரியாதை உண்டு.

அப்பாவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? நான் கேட்கத் தகுதி இல்லாதவன்தான். கேட்டுவிட்டேன்.

தம்பி


அக்டோபர் 10

தம்பி,

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கதவு மாட்டுகிறதாம்! கதவே இல்லாதவர்களிடம் போய் நான் இதைச் சொல்லவா? குழாயில் அழுத்தம் இல்லையாம். இங்கே நாற்பத்தொரு பேருக்கு இரண்டு குழாய், அதில் ஒன்று சொட்டும். உனக்கு ஆள் வந்தால் வேலை வரும். வேலை வந்தால் கை வலிக்கும். சின்ன வயதிலிருந்தே உன் பழக்கம் இதுதான். அப்பாவின் கண்ணாடிக் கடையில் பெரிய தகடு வந்து இறங்கும் நேரம் பார்த்து உனக்கு வயிற்று வலி வரும்.

மழைக்காலம் முடியும்வரை மூட வேண்டாம் என்று நான் சொல்லாமலா இருந்திருப்பேன்? மூன்று மனு கொடுத்தேன். கூரைத் தகட்டையே கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது மேற்கு மூலையில் மழை நேராக உள்ளே விழுகிறது.

கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தாயே, அப்பாவைப் பற்றி. அதற்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன்.

அப்பா இங்கே இருக்கிறார். இருபத்தேழாம் எண் படுக்கை. ஐந்து மாதம் ஆகிறது.

ஒரு மழை நாளில் வரிசையில் நின்றார். நான் குனிந்து பதிவு செய்துகொண்டிருந்தேன். பெயர் கேட்டேன். யாரோ ஒருவர் பெயரைச் சொன்னார். தொழில் என்றேன். "கண்ணாடி வெட்டறதுங்க." நிமிர்ந்து பார்த்தேன். தாடிக்குள் நம் அப்பா. என் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பெற்ற மகள் ஒரு படுக்கைக்காக அப்பாவிடம் படிவம் நீட்டுகிறேன். இந்தப் பாவம் யாருடையது என்று நீயே சொல்.

என் வீட்டுக்கு வாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். "ஒரு பிள்ளை வீட்டைப் பாத்தாச்சு, போதும். நீ என்னை ஆளாப் பதிவு பண்ணு, இல்லேன்னா போறேன்" என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். இங்கே யாருக்கும் அவர் என் அப்பா என்று தெரியாது. காலை வருகையில் அவர் பெயரை, அந்தப் பொய்ப் பெயரை, நான் தினமும் கூப்பிடுகிறேன். அவரும் "இருக்கேன்" என்கிறார். ஐந்து மாதமாக இதுதான் எங்களுக்குள் பேச்சு. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. மூன்றாம் கட்டடம், தரைத்தளம், நான்காம் எண். நீ ஐந்து தடவை சீவிய அதே கதவு. அங்கே காப்பாளர் யார் என்று சொன்னேன். இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து, "அங்க ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி போட்டாச்சா?" என்று கேட்டார். வருகிறேன் என்பதை அப்பா வேறு எப்படிச் சொல்வார்?

இப்போது சொல், சாவி வருமா வராதா?

அக்கா


அக்டோபர் 13

அக்கா,

இதைப் பையில் போடவில்லை. அலுவலக வண்டி டிரைவர் அண்ணன் கையில் கொடுத்து, உன்னிடம் மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடாதே. பத்திரமாக வை.

அப்பா உயிரோடு இருக்கிறார் என்று படித்து அழுதேன். கீழே வந்து நான்காம் எண் என்று பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தக் கண்ணாடித் துண்டு விரல் அகலம், சாண் நீளம். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை, இரண்டையும் சிமெண்ட் வைத்துப் பிடித்திருப்பார்கள். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி வளையாது, உடைந்துவிடும். சுவர் நகர்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் அதை ஒட்டுகிறார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. ஒட்டிவிட்டுப் போன பொறியாளர் ஒரு படிவம் கொடுத்தார். 'கண்ணாடி முழுமையாக உள்ளதா? ஆம், இல்லை.' திங்கட்கிழமை தோறும் பார்த்து எழுது, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றார். நானும் கண்ணாடியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மார்ச் மாதம் ஒரு நாள் உடைந்து கிடந்தது. சிமெண்ட் மூட்டை தூக்குகிறவர்கள் இடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். என் பொறுப்பில் இருந்த பொருள் உடைந்துவிட்டதே என்று பயம். கண்ணாடிக் கடைக்காரர் பிள்ளைக்கு ஒரு துண்டு வெட்டுவது பெரிய வேலையா? அதே அளவில் வெட்டி ஒட்டி, அவர் எழுதியிருந்த தேதியையே அதன்மேல் எழுதிவிட்டேன். படிவத்தில் 'ஆம்' என்று போட்டேன்.

மே மாதம் மறுபடியும். ஜூனில் மறுபடியும். நாலாவது தடவை பொறியாளரின் உதவியாளர் ஒருவர் வந்தபோது, "இது எதுக்குங்க ஒட்டறது?" என்று சாதாரணமாகக் கேட்டேன். சொன்னார். அதற்குள் பதினைந்து படிவத்தில் என் கையெழுத்து இருந்தது.

ஒரு தடவை துணிந்து திட்ட அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்போ முழுசா இருக்கா?" இருக்குங்க என்றேன். "அப்புறம் என்ன? போய் வேலையைப் பாரு. பார்வைக்கு வர்ற அன்னிக்கும் அப்படியே இருக்கணும்." அவ்வளவுதான் அக்கா. அதற்குப் பிறகும் நான் மாற்றினேன். வேலை போய்விடும், ஜெயிலுக்கு அனுப்புவார்கள், இன்னும் யாரும் குடி வரவில்லையே, வருவதற்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் அவ்வளவு நன்றாக வெட்டுகிறேன்.

முன்பு இரண்டு மாதத்துக்கு ஒன்று உடைந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று. மழை பிடித்ததிலிருந்து வாரத்துக்கு ஒன்று. இதுவரை பதினொன்று. உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. உடைந்த தேதியை ஒவ்வொன்றிலும் எழுதிச் செருப்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அப்பாவை அனுப்பாதே. யாரையும் அனுப்பாதே. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், அனுப்பாதே.

தம்பி


அக்டோபர் 14

தம்பிக்கு,

நீ சாவி அனுப்பாவிட்டால் வேலை நிற்கும் என்று நினைத்தாயா? தலைமை அலுவலகத்தில் இரண்டாவது சாவிக் கொத்து இருக்கிறதாம். நேற்று முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இன்று காலை இரண்டு லாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றன. இருபதாம் தேதிவரை காத்திருக்க முடியாதாம். வந்தது நல்லதுக்குத்தான் என்று எல்லோரையும் ஏற்றுகிறேன். உத்தரவைக் காட்டி, முத்திரையைக் காட்டி, அதற்குப் பிறகுதான் ஏறினார்கள். என் பாடம் வீண் போகவில்லை.

மூட்டைக்காரம்மா முதல் ஆளாக ஏறி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சாவியை வாயில் கடித்துக்கொண்டிருக்கிறாள். ரேடியோ தன் அறைக்கு எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டான். என்ன விருந்து என்று அவனுக்கே தெரியாது.

இந்தக் கடிதத்தை அப்பா சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன். தாடியை எடுத்துவிட்டார். பழைய கண்ணாடி கட்டரைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருக்கிறார். உன்னிடம் அவர் முதலில் பேச மாட்டார், தெரிந்ததுதானே. நீ பேசு. "உள்ளே வாங்கப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல். மூன்று வருஷமாக அந்த மனிதர் அதற்குத்தான் காத்திருக்கிறார்.

இந்த வாரம் என்றைக்காவது நானும் வருகிறேன். உன் குரலைக் கேட்க மாட்டேன் என்றது பழைய பேச்சு.

அக்கா


அக்டோபர் 17

அக்கா,

என் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை என்று சனிக்கிழமை லாரியைப் பார்த்ததும் புரிந்தது. இப்போது டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். உன்னைக் காணவில்லை என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம். இரண்டையும் சேர்த்துத் தருவார். முதலில் அதைப் படி.

நான் "உள்ளே வாங்கப்பா" என்று சொல்லவில்லை. லாரியிலிருந்து அவர் இறங்கும்போது நான் கேட்டின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றேன். "யாரும் உள்ளே போகக் கூடாது, கட்டடம் சரியில்லை" என்று கத்தினேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிற மகன் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறான். லாரியோடு வந்த ஆட்கள் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். உத்தரவைக் காட்டினார்கள். முத்திரை இருந்தது.

அரை மணி நேரத்தில் நாற்பது கதவும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டன. மூட்டைக்காரம்மா தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து, சாயங்காலம்வரை அந்தச் சத்தம்.

அப்பா தன் அறைக்குப் போகவில்லை. படிக்கட்டுச் சுவருக்கு முன்னால் நின்றார். கண்ணாடித் துண்டின் ஓரத்தை விரலால் தடவினார். உனக்கு ஞாபகம் இருக்கும், வெட்டிய ஓரத்தைக் கல்லில் ஒரு தடவை தேய்த்துவிடு, எவன் கையையும் வெட்டக் கூடாது என்று அப்பா சொல்லிக்கொடுத்தது. அலுவலகத்திலிருந்து வந்து ஒட்டியவன் ஓரம் தேய்த்திருக்க மாட்டான். நான் பதினொன்றையும் தேய்த்திருக்கிறேன். பழக்கம். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "எத்தனையாவது?" என்றார். பன்னிரண்டாவது என்றேன். அதற்கு மேல் எதையும் அவரிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் பொறியாளர்களுக்கு இதை வெட்டிக் கொடுத்தவரே அவர்தான்.

அது ஞாயிறு மத்தியானம் உடைந்தது. அடுத்ததை அப்பாவே வெட்டி ஒட்டினார், எவ்வளவு தாங்கும் என்று பார்க்க. திங்கள் காலை உடைந்துவிட்டது. விரிசலுக்குள் இப்போது என் சுண்டு விரல் நுழைகிறது. மேல் தளத்தில் இரண்டு ஜன்னல் கண்ணாடிகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டிருக்கின்றன. நேற்றிலிருந்து சுவருக்குள் ஏதோ நொறுங்குகிற மாதிரி விட்டுவிட்டுச் சத்தம் வருகிறது.

கதவு கதவாகத் தட்டினேன். வெளியே வாங்க என்று கெஞ்சினேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். "எழுத்துல குடுங்க, முத்திரை எங்கே?" ஒருவர் விடாமல் கேட்டார்கள். ரேடியோ தலைமை தாங்கினான். விரிசலைக் காட்டினேன். "விரிசல் இல்லாத சுவரை நாங்க எங்க சார் பார்த்தோம்?" என்று சிரித்தான். மூட்டைக்காரம்மா கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே சொன்னாள், "நீ யாரு எங்களைப் போகச் சொல்ல? எங்க மேடம் சொல்லியிருக்காங்க." நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய் அக்கா. நான் கோபத்தில் சொல்லவில்லை.

இங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. மெயின் ரோடு வரை ஓடிப் போய் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். எழுதிக் கொடு, பார்க்கிறோம் என்றார்கள். தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். "இடிஞ்சுடுச்சா?" என்றார்கள். இன்னும் இல்லைங்க என்றேன். இடிந்தால் கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

நான் இவர்களுக்கு யாரோ ஒருவன், அதனால் அப்பாவாவது சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். அவரே வர மறுக்கிறார். காலைப் பிடித்தேன் அக்கா. காலை இழுத்துக்கொள்ளவில்லை. கையை என் தலைமேல் வைத்துக்கொண்டுதான் சொன்னார். "அன்னிக்கு உன் வாய்ச்சொல்லைக் கேட்டு ஒரு தடவை வெளியே போனேன். என் ஒருத்தனோட போச்சு. இன்னிக்கு நான் மட்டும் எந்திரிச்சு வந்துட்டா, காப்பாளரோட அப்பன் தப்பிச்சான், நாங்க மாட்டினோம்னு இவங்க நாளைக்குச் சொல்லக்கூட இருக்க மாட்டாங்க. நீ செஞ்சதை நீ போய்ச் சொல்லு. காகிதத்தோட வா. எல்லாரோடயும் சேர்ந்து வரேன்." சொல்லிவிட்டு நான்காம் எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கதவை மூட முடியவில்லை. மறுபடியும் மாட்டிக்கொண்டது.

நான் கிளம்பி வந்தால் இங்கே சுவரைப் பார்க்க ஆளில்லை. அதனால் செருப்புப் பெட்டியை டிரைவர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். மொத்தம் பதின்மூன்று, தேதியோடு. எடுத்துப் போய் மேசைமேல் வை. யார் வெட்டியது என்று கேட்பார்கள். என் பெயரைச் சொல். யோசிக்காதே.

மழை விடவில்லை.

தம்பி


அக்டோபர் 17, மாலை

என் தம்பிக்கு,

இரண்டு கடிதத்தையும் வண்டிப் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். ஆடத் தெரியாதவள் என்று எழுதிய கையை வெட்டிப் போட வேண்டும். நீ மூன்று தடவை அனுப்பாதே என்று கெஞ்சியிருக்கிறாய், நான் உன் பழைய வயிற்று வலியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பாவை நீ வெளியே அனுப்பினாய். நான் உள்ளே அனுப்பிவிட்டேன். இனி உன்னைச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

திட்ட அதிகாரியின் மேசைமேல் பெட்டியைக் கவிழ்த்தேன். யார் வெட்டியது என்று அவர் கேட்கவில்லை. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "இதெல்லாம் எதுக்கும்மா வெளியே எடுத்துட்டு வந்தீங்க?" என்றார். நானே சொன்னேன், என் தம்பி வெட்டியது, எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்தது, இதோ அவன் எழுத்து, அவன் கையெழுத்து. அதைக் கேட்டதும் எழுதிக்கொண்டார். உன் பெயரைத்தான் முதலில் எழுதினார். காலி செய்யும் உத்தரவுக்குக் கோப்பு மேலே போக வேண்டும், மூன்று நாளாவது ஆகும் என்கிறார். நான் அவர் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியை மடியில் வைத்திருக்கிறேன். நான் எழுந்து போனால் இந்தத் துண்டுகள் எந்தக் குப்பைத் தொட்டிக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். பெரிய பொறியாளர் வந்து இதைப் பார்க்கும்வரை நகர மாட்டேன். அதனால்தான் நானே ஓடி வரவில்லை. டிரைவர் அண்ணன் தன் சொந்த பைக்கில் மழையோடு இதை எடுத்து வருகிறார்.

மூன்று நாள் அந்தச் சுவருக்குத் தெரியுமா? அதனால் நானே எழுதிவிட்டேன். காப்பக முத்திரையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்கள், கைப்பையிலேயே கிடந்தது. மூடிய காப்பகத்தின் முத்திரை செல்லாது. இதற்காக என்மேலும் வழக்கு வரும். வரட்டும், உனக்குத் துணையாக இருக்கும். கீழே இருப்பதை வாசலில் நின்று உரக்கப் படி. படித்துவிட்டு ஒவ்வொரு கதவின் அடியிலும் காட்டு. அவர்களுக்கு என் எழுத்து தெரியும்.

*

உத்தரவு

மூன்றாம் கட்டடத்தில் குடியிருக்கும் நாற்பத்தொரு பேருக்கும் காப்பக மேற்பார்வையாளர் எழுத்தில் தருவது. இந்தக் காகிதத்தைப் பார்த்த நிமிஷமே எல்லோரும் கட்டடத்தை விட்டு வெளியே வர வேண்டும். சாமான் எடுக்க நிற்கக் கூடாது. மூட்டைக்காரம்மா, மூட்டையை விட்டுவிட்டு வா. தாழ்ப்பாளைத் திற. உள்பக்கம் இருப்பதால் உன்னால்தான் திறக்க முடியும். ரேடியோ, பேசாதே, மாடியில் இருக்கும் கால் முடியாதவர்களை இரண்டிரண்டு பேராகத் தூக்கி வா. நான் சொல்லிக்கொடுத்த பாடம் தப்பில்லை. நீங்கள் கேட்டது சரி. இதோ எழுத்து, இதோ முத்திரை.

நீங்கள் தெருவுக்குப் போக வேண்டாம். காப்பகத்தின் பூட்டை வரும் வழியில் உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். படுக்கைகளை எடுத்துப் போய்விட்டார்கள், பாதிக் கூரையும் இல்லை, கிழக்குப் பக்கம் தரை காய்ந்திருக்கிறது. திரும்பி வாருங்கள்.

இருபத்தேழாம் எண் படுக்கைக்காரருக்கு: உங்கள் மகன் செய்ததைச் சொல்லிவிட்டான். அவன் பெயர் எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் கேட்ட காகிதம் இதுதான். நாளைக் காலை வருகையில் உங்களை உங்கள் சொந்தப் பெயரால் கூப்பிடுவேன். "இருக்கேன்" என்று நீங்கள் சொல்ல வேண்டும், அப்பா.

(முத்திரை)

*

தம்பி, கடைசி ஆள் வரும்வரை உள்ளே நிற்கலாம் என்று நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நீயும் வா. கண்ணாடி என்ன ஆயிற்று என்று பார்க்காதே, இன்னொன்று வெட்டாதே. இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. வெளியே வா.

அக்கா